புறநகர் மால் ஏன் காலியாகிறது? மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவதும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுப்பதும் என் தொழில். மதுரைக்கு வெளியே, புறவழிச்சாலையை ஒட்டிய ஒரு மாலில் கடை போட்டவர்கள் பலருக்கு நான்தான் கணக்குப் பார்த்தேன். திறப்பு விழாவிலிருந்து ஒவ்வொரு ஷட்டராக இறங்கியது வரை அந்தக் கட்டடத்தின் கதை அவர்களுடைய பில் புத்தகங்களில் இருக்கிறது. கடை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், புதிதாக வாங்க நினைப்பவர்கள், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்த மாலைச் சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம். இன்னமும் சிலர் அங்கே கடை நடத்துகிறார்கள். என் எழுத்தால் அவர்களுடைய வியாபாரம் கெடக்கூடாது. கே.கே. நகரில் உள்ள மிலன்'எம், சொக்கிகுளம் கோகலே சாலையில் உள்ள விஷால் டி மால் இரண்டும் ஊருக்குள் இருப்பவை. நான் பேசுவது அவற்றைப் பற்றி இல்லை.

மால் என்கிற யோசனை எங்கிருந்து வந்தது?

வியன்னாவில் பிறந்த விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர், 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குப் போனார். மினசோட்டா மாநிலத்தில் எடைனா என்ற புறநகரில் அவர் வடிவமைத்த சவுத்டேல், 1956 அக்டோபரில் திறந்தது. முழுக்கக் கூரை போட்டு, உள்ளே ஒரே சீரான வெப்பநிலை வைத்த முதல் மால் அதுதான். பனி கொட்டும் ஊர் என்பதால், குளிர்காலத்திலும் சனங்கள் நடமாட ஓர் இடம் கிடைத்தது. இரண்டு பெரிய கடைகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே சின்னக் கடைகள் இருக்கும், சுற்றிலும் கார் நிறுத்துமிடம். இந்த அமைப்பைத்தான் உலகம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள்.

க்ரூயன் வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் சேர்ந்த ஒரு சிற்றூரையே மனதில் வைத்திருந்தார். கட்டியவர்களோ கடையையும் கார் நிறுத்துமிடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அவரே மால்களைக் கடுமையாக விமர்சித்தார். வீட்டுக்கு ஒரு கார் என்று ஆகிவிட்ட ஊருக்காகப் போட்ட கணக்கு அது. மதுரையில் பாதிச் சனம் டவுன் பஸ்ஸில் போகிறது, மீதி டூவீலரில் போகிறது. இந்த வித்தியாசத்தைக் கட்டும்போது யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

சென்னை அண்ணா சாலையில் 1990களில் ஸ்பென்சர் பிளாசா இருந்தது. 1999இல் டெல்லியில் அன்சல் பிளாசாவும் மும்பையில் கிராஸ்ரோட்ஸும் திறந்தன. முன்னோடிகளான அந்த இரண்டுமே பதினைந்து ஆண்டுகளுக்குள் பழைய பொலிவை இழந்தன. சென்னையிலும் 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013இல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று புதியவை வந்ததும் பழையவற்றின் கூட்டம் கரைந்தது. இந்தச் சரித்திரம் நம் ஊரில் மால் கட்டியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

திறந்தபோது கூட்டம் அள்ளியதே, பிறகு என்ன ஆனது?

அள்ளியது உண்மை. முதல் தீபாவளிக்கு உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று வேன் பிடித்தெல்லாம் வந்தார்கள். எஸ்கலேட்டரில் ஏறுவதற்கே வரிசை நின்றது. புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேரனின் கையைப் பற்றியபடி முதல் படியில் கால் வைக்கத் தயங்கும் பாட்டிகளை அன்றைக்கு நிறையப் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி பார்க்க வந்த கூட்டம். ஐஸ்கிரீம் கடைக்கும் படத்துக்கும் காசு விழுந்தது. சட்டைக் கடையிலும் செருப்புக் கடையிலும் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது வருடக் கணக்கிலேயே இது தெரிந்துவிட்டது. சனி, ஞாயிறு விற்பனை ஓரளவு இருக்கும், செவ்வாய், புதன் பக்கங்களில் இரண்டு மூன்று பில்தான்.

அடுத்து, தரைத்தளத்தில் இருந்த பெரிய சூப்பர் மார்க்கெட் காலி செய்தது. மாலுக்கு உயிரே அந்த மாதிரி ஒரு பெரிய கடைதான். வாராவாரம் அரிசி, எண்ணெய் வாங்க வருகிறவர்கள்தான் போகிற வழியில் வளையல் கடையையும் எட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் பெரிய கடைக்குச் சதுர அடி வாடகையைக் குறைத்துக் கொடுப்பது வழக்கம். அந்தக் குறைவைச் சின்னக் கடைகள் தங்கள் கூடுதல் வாடகையால் ஈடுகட்டும். பெரிய கடை கிளம்பிய பிறகும் சின்னக் கடைகளின் வாடகை மட்டும் குறையவில்லை.

அதன்பிறகு சரிவு வேகமாக நடந்தது. கடை குறையக் குறைய, இருக்கிறவர்கள் தலையில் பராமரிப்புச் செலவு கூடியது. செலவைக் குறைக்க ஏ.சி.யை மாலை 5 மணிக்கு மேல்தான் போட்டார்கள். நடுவில் கண்ணாடிக் கூரை. சித்திரை வெயிலில் அதற்குக் கீழே நிற்க முடியாது. முதல் மாடியில் கைப்பை விற்ற ஒரு அம்மாவின் கடையில் ரெக்ஸின் கைப்பிடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் மேல்தோல் உரிந்து வரும். அந்தச் சரக்கைக் கழிவு விலைக்குத் தள்ளிய பில்கள் என்னிடம்தான் வந்தன. மேல்மாடி எஸ்கலேட்டர் நின்றதும் அதன் வாயில் பூந்தொட்டியை வைத்து மறித்தார்கள். அதற்கு மேலே இருந்த கடைகளுக்கு அத்தோடு வழி அடைபட்டது.

ஒரு சின்னக் கடைக்கு அங்கே என்ன செலவாகும்?

புரிவதற்காக ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். கடைக்குள் நீங்கள் உண்மையில் புழங்கும் இடம் 250 சதுர அடி. ஆனால் நடைபாதை, லிஃப்ட், கழிப்பறைக்கான பங்கையெல்லாம் சேர்த்து ஒப்பந்தத்தில் 400 சதுர அடி என்று போடுவார்கள். வாடகை சதுர அடிக்கு 60 ரூபாய் என்றால் 24,000. பராமரிப்பு 15 ரூபாய் என்றால் 6,000. இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,400. ஆக 35,400 ரூபாய். கரண்டு 8,000, இரண்டு பேருக்குச் சம்பளம் 24,000. மாதம் 67,400 ரூபாய் கல்லாவிலிருந்து போயாக வேண்டும்.

நூறு ரூபாய் விற்றால் இருபத்தைந்து ரூபாய் நிற்கும் என்று வைத்தாலும், நஷ்டமில்லாமல் இருக்கவே மாதம் சுமார் 2,70,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். தினசரி 9,000. வார நாட்களில் 3,000தான் ஓடுகிறது என்றால், சனி ஞாயிறு ஒவ்வொன்றிலும் 25,000க்கு மேல் விற்றாக வேண்டும். முதலாளியின் உழைப்புக்கும் முதலீட்டு வட்டிக்கும் இதில் ஒரு பைசா கிடையாது. இன்னொன்றும் உண்டு. வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவில் இருப்பவர்கள் வாடகைக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை, 5,400 முழுசாகக் கைக்காசு. சின்னக் கடைக்காரர்களில் பலர் இந்த இரண்டாவது வகைதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரும் அவர்களுக்கு இதைச் சொல்வதில்லை.

பார்க்கிங் கிடையாது, நெரிசல் தாங்காது. மாசி வீதிகளில் மட்டும் எப்படி வியாபாரம் ஓடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மானாமதுரைப் பக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் பத்துப் பேர் வருகிறார்கள். தாலிக்குத் தங்கம் வாங்கத் தெற்கு ஆவணி மூல வீதி. பட்டு எடுக்க விளக்குத்தூண் சுற்றுவட்டாரமும் தெற்கு மாசி வீதியும். சீர்ப் பாத்திரத்துக்கு வெங்கலக்கடைத் தெரு. மளிகைக்குக் கீழமாசி வீதி. எல்லாம் நடக்கிற தூரம். நடுவில் மீனாட்சியம்மன் சன்னதியில் பத்திரிகை வைத்துக் கும்பிட்டுவிடலாம். ஒரு கடையில் விலை படியவில்லையென்றால் பக்கத்திலேயே அதே சரக்கு வைத்திருக்கும் இருபது கடை. இந்தப் போட்டிதான் வாங்க வருகிறவருக்கு நம்பிக்கை. மாலில் பாத்திரக்கடை ஒன்று, நகைக்கடை ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

வாடிக்கை என்பது இன்னொரு பலம். அம்மா கல்யாணத்துக்கு எடுத்த கடையில்தான் மகளுக்கும் எடுப்பார்கள். பாக்கி வைக்கலாம், பழைய நகையைக் கொடுத்து மாற்றலாம். மாலில் இருக்கும் பிராண்டு கடையில் சிப்பந்தி ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுவார். அவரிடம் யார் பாக்கி சொல்வது?

பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியார் நிலையத்துக்கு எந்தப் பேட்டையிலிருந்தும் பஸ் உண்டு. புறவழிச்சாலை மாலுக்குப் போக ஆட்டோ வேண்டும், போக வர அந்தக் காசில் ஒரு சுடிதார் டாப் வாங்கிவிடலாம். வீட்டுச் செலவைப் பார்ப்பது பெண்கள். அவர்கள் சிரமமில்லாமல் எங்கே போக முடியுமோ அங்கேதான் வியாபாரம் நிற்கும்.

புது மண்டபத்தைப் பாருங்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் வளையல், பாத்திரக் கடைகளும் தலைமுறைகளாக இருந்தன. சித்திரைத் திருவிழாவுக்கு வேண்டுதல் உடுப்பு தைக்க வேண்டுமென்றால் அங்கேதான் போவோம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். இடம் மாறினாலும் கூட்டாகவே மாறினார்கள், அதுவும் கோயிலுக்குப் பக்கத்திலேயே. தனியாக ஒரு தையல்காரரைப் பிரித்து மால் மாடியில் உட்கார வைத்தால், அவரைத் தேடி யாரும் போக மாட்டார்கள்.

பெரிய ஜவுளிக்கடைகளும் ஏ.சி., லிஃப்ட், பல மாடி என்று மால் மாதிரித்தானே இருக்கின்றன?

ஆமாம், தமிழ்நாட்டுக்கே உரிய மால் அதுதான் என்று சொல்வேன். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952இல் கட்டிய, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரை பெருமைப்பட்டுக்கொண்ட தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று ஜவுளியும் நகையும் விற்கும் பெரிய கடை நிற்கிறது. அந்த மாதிரிக் கடையில் எல்லா மாடிக்கும் முதலாளி ஒருவர். நான்காவது மாடிப் பாத்திரப் பிரிவு நஷ்டத்தில் ஓடினாலும், கீழே பட்டில் வரும் லாபத்தில் அதைத் தாங்குவார், அல்லது ஒரே ராத்திரியில் பொம்மைப் பிரிவாக மாற்றிவிடுவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் நம் புறநகர் மால் தோற்றதற்கு அடிப்படைக் காரணம் எது?

கடைகளைத் துண்டு துண்டாக விற்றதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கட்டியவருக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும். அதனால் முந்நூறு, நானூறு சதுர அடியாகப் பிரித்துக் கிரயம் செய்து கொடுத்தார். வாங்கியவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், துபாயில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைப் போட்ட சிறு வியாபாரிகள். மூன்று வருடத்துக்கு மாத வாடகை நிச்சயம் என்று கட்டியவர் தரப்பில் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாடகை எங்கிருந்து வந்தது? விலையிலேயே அதைக் கூட்டி வைத்துவிட்டு, நீங்கள் கொடுத்த பணத்தையே மாதாமாதம் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் முடிந்ததும் அது நின்றது.

நன்றாக ஓடும் மாலில் மொத்தக் கட்டடமும் ஒரே கையில் இருக்கும். எந்த மாடியில் எந்தக் கடை, எது போனால் அடுத்து யாரைக் கூப்பிடுவது, வியாபாரம் மந்தமான வருடத்தில் வாடகையை எவ்வளவு குறைப்பது என்று தீர்மானிக்க ஒரு நிர்வாகம் இருக்கும். இங்கேயோ ஒரு மாடிக்கு நாற்பது உரிமையாளர்கள். ஒரு பெரிய துணிக்கடைக்காரர் முதல் மாடி முழுவதையும் கேட்டு வந்தார். முப்பத்தைந்து பேர் சம்மதித்தார்கள். இரண்டு பேர் வெளிநாட்டில், போன் எடுக்கவில்லை. ஒருவர் கடையின் மேல் பாகப்பிரிவினை வழக்கு. மற்ற இருவர் அதிக வாடகை கேட்டார்கள். வந்தவர் திரும்பிப் போய்விட்டார். அந்த மாடி இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது.

ஆன்லைன் வியாபாரம்தான் கொன்றது என்கிறார்களே?

பங்கு உண்டு. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் செருப்பு, கைப்பை, செல்போன் கவர் வியாபாரம் போனுக்குள் போனது. மாலில் இருந்தது பெரும்பாலும் அந்தச் சரக்குகள்தான். ஆனால் அதே ஆன்லைனைத் தாங்கிக்கொண்டுதான் நகைக்கடை பஜாரும் ஜவுளிக் கடைகளும் நடக்கின்றன.

கொரோனா?

2020 மார்ச்சில் மூடிய மால்களைத் தமிழ்நாட்டில் செப்டம்பர் 1 அன்றுதான் திறக்க விட்டார்கள். தியேட்டர்கள் நவம்பர் 10 வரை மூடியிருந்தன. வருமானமே இல்லாத அந்த மாதங்களுக்கும் பராமரிப்புப் பாக்கி எழுதப்பட்டது. அந்தப் பாக்கியைக் காட்டி அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டதில், என் வாடிக்கையாளர்கள் சிலர் கைமுதல் இல்லாமல் வெளியே வந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது. நாடு முழுக்கப் பல மால்களைத் தாங்கிப் பிடித்த பிக் பஜார் கடைகளும் வாடகைப் பாக்கியால் 2022இல் மூடின.

எல்லா மால்களுக்கும் இதே கதிதானா?

இல்லை. நிர்வாகம் ஒரே கையில் இருப்பவை நன்றாகவே நடக்கின்றன. ஆனால் காலியாவது நம் ஊர் மால் மட்டும் இல்லை. பத்தில் நான்கு பங்குக்கு மேல் காலியாக இருக்கும் மால்களைக் கணக்கெடுத்த நைட் ஃபிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனம், 2023இல் இந்தியாவின் எட்டுப் பெருநகரங்களில் அப்படி 64 இருப்பதாக 2024இல் சொன்னது.

அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்?

பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண் பிள்ளைகள், பிளஸ் டூ அல்லது பி.காம். முடித்தவர்கள். முதல் சம்பளம், சொந்த போன், சீருடை என்று அந்த மால் அவர்களுக்கு நிறையக் கொடுத்தது. வெயிலில் அலையாத வேலை என்று வீட்டிலும் அனுப்பினார்கள். கடைகள் மூடியபோது இழப்பீடு என்று யாருக்கும் எதுவும் கிடைத்ததாக என் கணக்குகளில் இல்லை. சிலர் ஊருக்குள் ஜவுளிக்கடைகளுக்கு மாறினார்கள். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்தது. 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு விதித்திருக்கிறது. நீங்கள் கடை முதலாளியாக இருந்தால் தயவுசெய்து ஸ்டூல் வாங்கிப் போடுங்கள்.

நான் ஏற்கெனவே கடை வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்யலாம்?

அவசரப்பட்டு அடிமாட்டு விலைக்கு விற்காதீர்கள். முதலில் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு உங்கள் பெயரில் இருக்கிறது என்று தேடுங்கள். கட்டடத்தின் மதிப்பு போனாலும், சாலையோர நிலத்தின் மதிப்பு இருக்கிறது. அந்தப் பங்கே எழுதப்படாத பத்திரங்களையும் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் உடனே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சொத்து வரியை நிலுவை வைக்காதீர்கள்.

அடுத்தது, மற்ற உரிமையாளர்களோடு சங்கமாகச் சேர்ந்து, அதைப் பதிவு செய்யுங்கள். கடைக்குக் கடை தனியாக வாடகைக்குத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு மாடி முழுவதையும் ஒரே ஒப்பந்தத்தில் விடும் அதிகாரத்தைச் சங்கத்துக்குக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களிடமிருந்து பவர் பத்திரம் வாங்கி வையுங்கள். வருகிறவரிடம் நிலையான வாடகை கேட்காமல் விற்பனையில் ஒரு பங்கு என்று பேசினால் படியும்.

காலியான கட்டடத்தை வேறு எதற்காவது பயன்படுத்த முடியாதா?

முடியும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ராண்டால் பார்க் மால் 1976இல் திறந்து 2009இல் மூடியது. அதை இடித்துவிட்டு அங்கே அமேசான் கிடங்கு கட்டினார்கள். நமக்கு இடிக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. பயிற்சி வகுப்புகள், ஸ்கேன் மையம், சின்ன ஐ.டி. அலுவலகம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்கு இப்படி இடம் தேவைப்படுகிறது. இவற்றுக்குத் தெருவில் போகும் கூட்டம் அவசியமில்லை, வண்டி நிறுத்த இடம் இருந்தால் போதும். பயன்பாட்டை மாற்ற நகர ஊரமைப்புத் துறையின் அனுமதியும் தீயணைப்புத் துறையின் சான்றும் வேண்டும். அங்கேயும் தனித்தனியாக விண்ணப்பித்தால் இழுக்கும், சங்கமாகப் போங்கள்.

புதிதாக ஒரு மால் விளம்பரம் வந்திருக்கிறது. கடை புக் பண்ணலாமா?

விலைக்கு வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னும் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா? மொத்தக் கட்டடமும் ஒருவர் கையில் இருக்கிறதா, பிரித்து விற்றுவிட்டார்களா? பெரிய கடை உண்மையிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டதா, பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறதா? அது காலி செய்தால் உங்கள் வாடகை குறையும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் யோசியுங்கள். எத்தனை மாதம் வெளியேற முடியாது, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், கட்டடமே மூடியிருக்கும் காலத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை மதியம், அந்த இடத்துக்கு உங்கள் வீட்டுப் பெண்களை டவுன் பஸ்ஸிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். எத்தனை பஸ் மாறினார்கள், நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம் வெயிலில் நடந்தார்கள் என்று கேட்டுவிட்டு என்னிடம் வாருங்கள், மீதிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.